மூத்தோரில்லாச் சிறார் நாடு

குழவி மாசற்றது, அதனைக் கெடுப்பது உலகமே என்பது பலரும் எடுத்தாளும் கூற்று. அக்கூற்று மெய்யாயின், உலகத்தார் தொடர்பு சிறிதுமின்றிச் சிறார் மட்டுமே ஓரிடத்துக் கூடி வாழ நேருங்கால், அவ்விடம் பொய்யும் பூசலும் புகாத நன்னாடாதல் வேண்டும். அஃது அங்ஙனம் ஆகுமோ என்னும் வினா, கதை புனைவோர்க்கு மட்டும் உரியதன்று. மக்களைப் பெற்றார்க்கும், பிறர் மக்களைப் பயிற்றுவார்க்கும் நாடோறும் எதிர்ப்படுவதாம். எத்துணைக் கண்காணிப்புள்ள இல்லத்தும், மூத்தோர் கண் மறையும் நாழிகைகள் உள. அந்நாழிகைகளில் சிறாரை ஆள்வது யாதென ஆராய்தல் ஈண்டைக்கு வேண்டற்பாலது.

இவ்வினாவை உலகறிய எழுப்பியவர் ஆங்கில நாட்டினராகிய வில்லியம் கோல்டிங். அவர் இரண்டாம் உலகப் போரில் கடற்படையிற் பணியாற்றியவர்; சால்ஸ்பரி நகரத்து ஆடவர் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்து சிறுவரை அணுகியறிந்தவர்; 1983இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர். ‘ஈக்களின் தலைவன்’ எனப் பொருள்படும் பெயரால் 1954இல் அவர் வெளியிட்ட புதினம், போர்க்காலத்தில் வானூர்தி வீழ்ந்து தனித்தீவொன்றில் ஒதுங்கிய சிறுவர்தம் வரலாற்றைக் கூறுவது. அவர்க்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னர், 1857இல், பாலண்டைன் என்பார் எழுதிய ‘பவளத் தீவு’ என்னும் நூலிலும் இளைஞர் மூவர் ஒரு தீவில் ஒதுங்குகின்றனர். ஆனால் அவர்கள் துணிவும் ஒற்றுமையும் குன்றாமல் வாழ்கின்றனர். அதற்கு மறுப்புரை போல்வது கோல்டிங்கின் நூல்.

அந்நூலிற் சிறுவர் முதற்கண் செவ்விய ஒழுங்கோடுதான் தொடங்குகின்றனர். ஒரு சங்கு கண்டெடுக்கப்படுகின்றது. அதனை ஏந்தியவனே அவையிற் பேசலாம் என விதி செய்கின்றனர். ரால்ப் என்பவனைத் தலைவனாகத் தெரிந்தெடுக்கின்றனர். கடல்வழிச் செல்லும் கப்பல் காணுமாறு மலையுச்சியில் தீ வளர்க்க உடன்படுகின்றனர். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனாய் வந்த ஜாக் என்பவனோ பன்றி வேட்டையில் மனம் வைக்கின்றான். வேட்டைச் சுவையில் தீக்காவல் மறக்கப்படுகின்றது. முகத்திற் சாயம் பூசிய பின் நாணமும் மறக்கப்படுகின்றது. இருளிற் கொடுவிலங்கொன்று உலவுகின்றதென்னும் அச்சம் பரவ, அவ்வச்சத்தைத் தன் ஆட்சிக்குக் கருவியாக்கிக் கொள்கின்றான் ஜாக். முடிவில் இருவர் கொலையுண்ணுகின்றனர், சங்கு நொறுங்குகின்றது, ரால்பைக் கொல்லுதற்குக் காட்டிற்கே தீயிடுகின்றனர். ஊன்றிக் காணற்பாலது யாதெனில், உய்யும் பொருட்டு மூட்டிய தீ அவிந்தொழிய, கொல்லும் பொருட்டு மூட்டிய தீயின் புகையே போர்க்கப்பலை அத்தீவுக்கு அழைத்து வந்தது என்பதாம்.

அவர்தம் வீழ்ச்சிக்குப் பசி காரணமன்று. அத்தீவில் கனிகளும் நன்னீரும் குறைவறக் கிடைத்தன. பகைவர் யாரும் வெளியினின்று வந்திலர். எனவே காரணத்தை அகத்தே தேடுதல் வேண்டும். அதற்கொரு திறவுகோல் நூலின் நடுவே சிறு நிகழ்ச்சியாய்க் கிடக்கின்றது. ரோஜர் என்னும் சிறுவன், கடற்கரையில் விளையாடும் இளையான் ஒருவனை நோக்கிக் கல்லெறிகின்றான். எனினும் ஒரு கல்லும் அவன்மேற் படுமாறு எறிந்திலன். இளையானைச் சூழ ஓரெல்லை காணா வேலியாய் நின்றது. பெற்றோரும் பள்ளியும் காவலரும் இட்ட வேலி அது. அவர்கள் ஆங்கில்லாத போதும் ரோஜரின் கையைத் தடுத்து நின்றது. நாட்கள் செல்லச் செல்ல அவ்வேலி தேய்ந்தது. கல்லைத் தவற எறிந்த அதே கை, பின்னொரு நாள் பெரும்பாறையைப் புரட்டி ஓருயிரைக் கொன்றது. முதல் நாளிலேயே ஒழுங்கு முறியவில்லை. மூத்தோர் இட்ட அச்சம் கரையுந்தோறும் சிறிது சிறிதாய் முறிந்தது என்க.

இதனைக் கற்றார் பலர், “மூத்தோர் இன்மையால் சிறார் கெட்டனர்” என்று முடிபு கட்டுவர். அம்முடிபு நூலாசிரியர்க்கு உடன்பாடன்று. என்னை? அத்தீவிலும் மூத்தோர் இருவர் வருகின்றனர். முதல்வன், வானத்தே நிகழ்ந்த போரில் இறந்து குடையிற் கட்டுண்டு வீழ்ந்தவன். சிறுவர் எவ்விலங்கை அஞ்சினரோ அவ்விலங்காய் அவர்க்குத் தோன்றியது அவன் பிணமே. மற்றவன், இறுதியில் வந்திறங்கும் கடற்படை அதிகாரி. சிறுவர் கையிற் கூர்ங்கழிகளைக் கண்டு வெறுத்துப் பேசும் அவன், தானும் மனிதரை வேட்டையாடும் கப்பலில் வந்தவனே. எனவே ஆண்டு முதிர்ந்தமை மட்டும் ஒருவனை மூத்தோனாக்காது என்பது பெறப்படும். சிறாரின் தீவு, பெரியோர் உலகின் நிழல்.

அற்றேல், சிறார் தனித்த விடத்து வீழ்ச்சி ஒருதலையோ எனின், அன்று என்பதற்கு மெய்வரலாறு சான்றாய் நிற்கின்றது. பசிபிக் பெருங்கடலிலுள்ள டோங்கா நாட்டில், உறைவிடப் பள்ளியொன்றின் மாணவர் அறுவர் 1965ஆம் ஆண்டு பிறர் படகொன்றை எடுத்துக் கொண்டு கடலிற் சென்றனர். புயல் பாயைக் கிழித்தது. எட்டு நாட்கள் அலைந்து, மக்களில்லாத ‘அட்டா’ என்னும் பாறைத்தீவில் ஒதுங்கினர். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்னும் ஆத்திரேலிய மாலுமி அவர்களைக் காணும் வரை ஏறத்தாழ 15 திங்கள் அவர்கள் தனியே வாழ்ந்தனர். அவர்கள் மூட்டிய தீ அத்துணைக் காலமும் அவியவில்லை. இருவர் இருவராய்ப் பிரிந்து தோட்டத்திற்கும் சமையலுக்கும் காவலுக்கும் முறை வகுத்தனர். மரத்தைக் குடைந்து மழைநீர் சேர்த்தனர். சினம் மூண்டபோது பூசலிட்டார் இருவரும் தீவின் வெவ்வேறு மூலைக்குச் சென்று சினம் தணிந்த பின்னரே மீளவேண்டும் என்பது அவர் செய்த விதி. ஒருவன் பாறையினின்று வீழ்ந்து கால் முறிந்தபோது, ஏனையோர் கழி வைத்துக் கட்டி, அவன் பங்கு வேலையையும் தாமே செய்தனர். எலும்பு செவ்வையாய்க் கூடியது. காலையும் மாலையும் பாட்டும் வழிபாடும் தவறவில்லை.

அத்தீவிலும் மூத்தோர் முற்றும் இலர் என்று கூறல் பொருந்தாது. அங்கு முற்காலத்தே மக்கள் வாழ்ந்தனர்; 1863இல் அடிமை வணிகர் அவருட் பலரைக் கவர்ந்து செல்ல, எஞ்சியோர் வேறு தீவிற் குடியேற்றப்பட்டனர். அவர் விட்டுச் சென்ற வாழையும் கிழங்கும் கோழியும் நூறாண்டாய்த் தாமே பெருகிக் கிடந்து, அவ்வறுவர்க்கும் உணவாயின. கண்ணுக்குத் தெரியாத மூத்தோர் வயிற்றுக்குச் சோறிட்டனர். நெஞ்சிற் பதிந்த மூத்தோர் ஒழுக்கத்துக்கு அரணாயினர்.

இதனோடு ஒப்ப வைத்து எண்ணத்தகுவது 2023ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டில் நிகழ்ந்தது. மே மாதம் முதல் நாள் அமேசான் காட்டில் சிறு வானூர்தியொன்று வீழ்ந்து, தாயும் உடனிருந்த பெரியோரும் இறந்தனர். பழங்குடிப் பிள்ளைகள் நால்வர் மட்டும் பிழைத்தனர். அவருள் மூத்த பெண் 13 வயதினள். இளைய மகவு ஓராண்டும் நிரம்பாதது. 40 நாட்களின் பின்னர் நால்வரும் உயிரோடு காணப்பட்டனர். எக்கனி உண்ணற்பாலது, எவ்விடம் தங்கற்பாலது என்னும் அறிவை அப்பெண் தன் பாட்டியிடம் பெற்றிருந்தாள். ஆங்குப் பாட்டி உடலால் இலள், அறிவால் உளள்.

இவ்விரு வரலாறுகளையும் கோல்டிங்கின் கதையோடு நிறுத்தி ஒப்பிடுங்கால், தடையொன்று எழுதல் இயல்பே. டோங்கா மாணவர் அறுவரே, முன்னரே நண்பர், வயதும் சற்று முதிர்ந்தோர். கொலம்பியப் பிள்ளைகளோ உடன்பிறந்தார். கதையிலுள்ளாரோ பலர், பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதார், ஆறு வயதுச் சிறியோரும் அவருள் உளர். ஆதலின் ஒப்பீடு பொருந்தாது என்பர். இத்தடை கொள்ளத்தக்கதே. உறவும் நட்பும் உள்ள சிறு குழுவில் ஒருவன் துயரைப் பிறன் முகத்திற் காண்கின்றான். திரளிலோ முகம் மறைகின்றது. அத்தீவிற் சாயம் பூசியமையின் பொருளும் இதுவே. எனினும், எண்ணிக்கையும் வயதும் மட்டும் வேறுபாட்டிற்கு முழுக் காரணமாகா. மூத்தோர் எவ்வாறு ஆண்டனர் என்பதும் உடன் நின்று வினைப்படும்.

இதனை ஆய்ந்தறிந்தோர் உளர். அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்னும் மூவர், பத்து வயதுச் சிறுவர் குழுக்களைக் கைவினை செய்யவிட்டு ஆராய்ந்து 1939இல் முடிவு வெளியிட்டனர். ஒருவகைத் தலைவர் ஆணையிட்டே நடத்தினர். ஒருவகையினர் சிறுவரோடு கலந்து முடிவு செய்தனர். மற்றொரு வகையினர் ஒன்றிலும் தலையிடாது விட்டனர். தலைவர் அறையை விட்டு நீங்கிய பொழுதே உண்மை வெளிப்பட்டது. ஆணையால் ஆளப்பட்ட குழுவில், தலைவர் நீங்கியதும் வேலை தளர்ந்தது. அக்குழுக்களுள் எளியான் ஒருவனைக் கூடி வருத்தும் கொடுமையும் காணப்பட்டது. கலந்து செய்த குழுவிலோ, தலைவர் நீங்கிய பின்னும் வேலை நடந்தது. ஆளுவோர் அச்சத்தையே விட்டுச் செல்லின், அவர் காலடி ஓசை மறைந்ததும் அச்சமும் மறையும்; காரணத்தை விளக்கிப் பொறுப்பை விட்டுச் செல்லின், அஃது உடனிருக்கும்.

தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் இவ்வுண்மையை நெடுங்காலமாய்க் கையாண்டு வந்தன. அங்கு ஆசான் ஒருவர், மாணவர் பலர். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோர்க்கு மணலில் எழுத்துப் பழக்குவான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இம்முறையைக் கண்டு வியந்தார். தம் கீழுள்ள ஆசிரியர் மணலெழுத்து முறைக்கு இணங்காமையின், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். அவன் செவ்வையாய் நடத்தினான். 1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக்கி வெளியிட, ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அஃது ஆங்கில நாட்டுப் பள்ளிகளிற் பரவியது. சிறாரைச் சிறார் ஆள்வது இயலாததன்று என்பதற்கு இதனினும் அண்மையதொரு சான்று வேண்டா. ஆயினும் ஒன்று மறத்தலாகாது. சட்டாம்பிள்ளையின் அதிகாரம் ஆசானிடம் பெற்ற கடன். அதற்கு அவன் மாலையிற் கணக்குச் சொல்லுதல் வேண்டும். கணக்குக் கேட்பாரில்லையாயின், சட்டாம்பிள்ளை ஜாக் ஆவதற்கு நெடுநாள் ஆகாது. கைக்கூலி வாங்கிக் கொண்டு வேண்டாதாரை மாட்டிவிடும் சட்டாம்பிள்ளைகளைப் பற்றிய பழங்கதைகள் ஊர்தோறும் வழங்குதலை முதியோர் அறிவர்.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேத நதி பாயும் ஊர். மரச்சிற்பத்திற் பெயர் பெற்றது. கோயில் வாகனங்களும் கதவுகளும் தெய்வ உருவங்களும் அங்குச் செதுக்கப்படுகின்றன. அவ்வூரில் வாழும் முதியவர் ஒருவர், வெளியூரிற் பிழைக்கும் மகனுடைய பிள்ளைகள் இருவரைத் தம்மிடம் வைத்து வளர்த்து வருகின்றார். கோடை விடுமுறை மாலைகளில் கோல்டிங்கின் கதையை அவர்கட்குத் தமிழிற் சொன்னார். கதை முடிந்த நாளில் இளைய பேரன், “அந்தத் தீவில் ஒரு தாத்தா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது அல்லவா, தாத்தா?” என்றான். முதியவர் உடனே விடை கூறிற்றிலர்.

அக்கிழமையே அவர்க்கு வேறொரு செய்தி தெரிய வந்தது. மூத்த பேரன் வகுப்பு மாணவர் கைப்பேசியில் ஒரு குழு அமைத்திருந்தனர்; பெரியவர் எவரும் அதில் இலர். பச்சைமலையினின்று இறங்கி வந்து விடுதியிற் படிக்கும் மாணவன் ஒருவனுடைய பேச்சையும் உடையையும் அக்குழுவில் நாடோறும் எள்ளி எழுதி வந்தனர். அச்சிறுவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். “நீ என்ன எழுதினாய்?” என்று முதியவர் கேட்க, “நான் ஒன்றும் எழுதவில்லை, தாத்தா. சிரிப்புக் குறி மட்டுந்தான் போட்டேன்” என்றான் பேரன். அத்தீவில் சைமன் என்னும் நல்லவன் கொலையுண்ட இரவின் மறுநாட் காலையில், ‘யாம் அருகில் இல்லை, முன்னரே நீங்கிவிட்டோம்’ எனத் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொண்டார் நிலை முதியவர்க்கு நினைவு வந்தது. தம் இல்லத்து நடுக்கூடத்திலேயே ஒரு தீவு கிடந்ததையும், தாம் அதன் கரையிலிருந்தும் அதனைக் கண்டிலாமையையும் உணர்ந்தார்.

கைப்பேசியைப் பறித்தல் எளிது. பறித்திருப்பின், அவர் நீங்கும்வரை நிற்கும் வேலியொன்று இட்டவராவார், அவ்வளவே. அவர் பேரனைத் தம் அண்டை வீட்டுச் சிற்பக் கூடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்குப் பதினான்காண்டு இளைஞன் ஒருவன் கொட்டாப்புளியும் உளியும் கொண்டு ஒரு யாளியின் பிடரியைத் திருத்திக் கொண்டிருந்தான். ஆசாரியார் உணவுக்குச் சென்றிருந்தார். “ஆசாரியார் இல்லாத போது நீ ஏன் ஆழமாய் வெட்டி வேலையை விரைவில் முடிக்கவில்லை?” என்று முதியவர் கேட்டார். “மரம் போய்விடுமே, ஐயா” என்றான் அவன். இல்லம் மீளும் வழியில் முதியவர் பேரனிடம் ஒரே வினா வினவினார்: “நீங்கள் நாற்பது பேர் கூடி வெட்டியது எந்த மரம் என்று எண்ணினாயா?” பேரன் இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்குழுவில், ‘இது தவறு, நானும் சிரித்தேன்’ என்று எழுதினான். சிலர் அவனையும் எள்ளினர். ஒருவன் மட்டும் உடன்பட்டான். அவ்விருவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குச் சென்றனர். மலைச்சிறுவன் அவர்களோடு முகங்கொடுத்துப் பேசினானில்லை. எனினும் பத்து நாட்களின் பின்னர்ப் பள்ளிக்கு வந்தான். மனப்புண் ஆறியதெனக் கூற இயலாது. புண்படுத்தினோர் அதனைக் கண்ணாற் கண்டனர் என்பது மெய்.

கூடத்து இளைஞன் கூறிய விடையுள் இவ்வாராய்ச்சியின் முடிபு அடங்கும். அவனைத் தடுத்தது ஆசாரியார் கையிலுள்ள பிரம்பன்று. பல்லாண்டு அருகிருந்து பழகியதனால் மரத்தின்பால் அவனுக்கு உண்டான அன்பும், அளவு பிழைப்பின் வரும் கேட்டினை அறிந்த அறிவுமே. ஆசாரியார் வெளியே சென்றார். அவர் கண் அவனுள்ளே தங்கிற்று.

இனி, சிறார் இயல்பாகவே தூயரோ தீயரோ என்னும் வழக்கிற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் நெறி தெளிவுடையது. செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு உடனாய் நிற்பது. ஆகலின் குழவி மாசற்றது என்பார் கூற்று நில்லாது. களிம்பே செம்பன்று, ஆகலின் மனிதன் இயல்பிலேயே கொடியன் என்பார் கூற்றும் நில்லாது. சிவஞான போதத்து எட்டாஞ் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை உவமையாய்க் கொண்டு விளங்குவது. அவ்வேடர் ஐம்புலன்கள். வேட்டையில் மூழ்கித் தம்மை மறந்த கோல்டிங்கின் பாடகச் சிறுவரை இவ்வுவமையோடு வைத்து எண்ணுக. அரசகுமாரனை மீட்பது தண்டமன்று, ‘நீ வேடன் அல்லை, இன்னார் மகன்’ என்று உணர்த்தும் குருவின் சொல். கடற்படை அதிகாரியோ சிறுவரைக் கப்பலேற்றினான். அவர் யார் என உணர்த்தினானில்லை.

அச்சூத்திரம் அருளிய மெய்கண்டார் தாமே இளங்குழவிப் பருவத்தில் ஞானாசிரியராய் விளங்கினார் என்பதும், ஆண்டிலும் கல்வியிலும் முதிர்ந்த அருணந்தியார் ஆணவத்தின் வடிவு யாதென வினவ, நின்ற அவரையே குழவி சுட்டிக் காட்டிற்றென்பதும், அதன்பின் அம்முதியவர் அக்குழவிக்கே மாணாக்கரானார் என்பதும் வழிவழி வரும் வரலாறு. மூத்தோர் என்பார் யாவர் என்பதற்கு இதனிற் சிறந்த இலக்கணம் இல்லை. திருவள்ளுவனாரும் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை அரசியலில் வைத்தார். நாடாளும் வேந்தனுக்கும் தன்னைத் திருத்துவார் வேண்டுமாயின், சிறாருக்கும் பெற்றோர்க்கும் வேண்டும் என்பது சொல்ல வேண்டா.

ஆதலின், மூத்தோர் நீங்கியமையாற் சிறார் நாடு சிதைகின்றது என்பது பாதி உண்மை. நீங்குதற்கு முன்னர் அவர் சிறாருள் எதனை வைத்துச் சென்றனர் என்பதே மறுபாதி. எந்தத் தாயும் தந்தையும் என்றைக்கும் உடனிருத்தல் இயலாது. தொழில் பிரிக்கும், தொலைவு பிரிக்கும், முடிவிற் காலம் பிரிக்கும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நாள் மூத்தோரில்லாத் தீவில் இறக்கப்படுவதே. அன்று அவர் கையில் எஞ்சுவது அச்சமாயின், அது சில திங்களிற் கரையும். அன்பும் அறிவும் வழிபாடுமாயின், தீ அவியாது. ஆதலின் மக்களைப் பயிற்றுவோர், தம் கண்முன் அவர் எங்ஙனம் ஒழுகுகின்றனர் என்பதனோடு அமையாது, தாம் அறையினின்று நீங்கிய பின்னர் எளியான் ஒருவன் அவரிடையே அஞ்சாது அமர்ந்திருக்கின்றானோ என்பதனையும் ஆராய்ந்து காண்பாராக.